கேட்பதும் ஆராய்ச்சிதான்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்கு மூட்டைகள் அடுக்கிய மண்டிகளுக்கு நடுவே ஒரு டீக்கடை. சுமை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்த தமிழ் பேசும் பெரியவர் ஒருவர் கேட்டார்: “ரத்தம் எடுக்குறாங்க, சதையில துளி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புறாங்க. அது ஆராய்ச்சின்னு புரியுது தம்பி. வீட்டுக்கு வந்து, வெத்திலை போடுவீங்களா, பீடி பிடிப்பீங்களா, எத்தனை வருசமான்னு கேட்டு எழுதிக்கிட்டுப் போறாங்களே, அதுவுமா ஆராய்ச்சி?”

“அதுவும்தான் அண்ணே. இன்னொரு டீ சொல்லுங்க, நிதானமாச் சொல்றேன்” என்றேன். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். படித்தவர்கள் பலருக்கும், ஏன், சில மருத்துவர்களுக்கும்கூட இந்தச் சந்தேகம் உண்டு.

ஒருவருடைய எச்சிலிலோ சிறுநீரிலோ கொட்டினைன் என்ற பொருளை அளந்தால் அவர் அண்மையில் புகையிலை எடுத்தாரா என்று தெரிந்துவிடும். ஆனால் அது சில நாட்களின் கணக்கைத்தான் சொல்லும். பதினாறு வயதில் ஆரம்பித்தாரா, முப்பதில் ஆரம்பித்தாரா, நடுவில் ஐந்து வருடம் விட்டிருந்தாரா, இரவில் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டே தூங்குவாரா? இதையெல்லாம் எந்தச் சோதனைக்கூடமும் சொல்லாது. அவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. புகையிலையால் வரும் புற்றுநோயோ பல வருடப் பழக்கத்தின் கணக்கு. ஆகவே கேட்கத் தெரியாமல் இந்த நோயின் காரணத்தைத் தேட முடியாது.

நம் பக்கத்தில் இந்தத் தேடலுக்கு வயது அதிகம். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும், அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் மருத்துவர் ஓர், வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-லேயே ‘லான்செட்’ இதழில் எழுதினார். அடுத்த பெரிய கட்டம் நடந்தது இதே எர்ணாகுளம் மாவட்டத்தில். மட்டாஞ்சேரிக்காரர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று யோசித்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் என்றால் நமக்கு அணுவும் கணிதமும்தான் நினைவுக்கு வரும். அங்கே பல் மருத்துவ ஆராய்ச்சிக்கென்று ஒரு பிரிவும் இருந்தது. ஃபாலி மேத்தாவும், கோபன்ஹேகனிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட பிண்ட்போர்க்கும் அவர்களுடைய குழுவினரும் 1960களின் பிற்பகுதியில் எர்ணாகுளம், குஜராத்தின் பாவ்நகர், ஆந்திராவின் ஸ்ரீகாகுளம், அன்றைய பீகாரின் இரண்டு மாவட்டங்கள் என்று கிராமம் கிராமமாக வீடு வீடாகப் போனார்கள். பழக்கங்களைக் கேட்டுப் பதிந்தார்கள். வாயைத் திறந்து பார்த்தார்கள். எர்ணாகுளம் மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்டவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். புற்று வருவதற்கு முன்பே கன்னத்தின் உட்புறத்தில் படியும் வெண்படலம் யாருக்கு வருகிறது, அதில் எது பின்னால் புற்றாக மாறுகிறது என்ற வரலாறு அந்தக் கேள்வித்தாள்களிலிருந்துதான் எழுந்தது.

அது முடிந்ததும் இன்னொரு கேள்வி வந்தது. பழக்கத்தை விடச் சொன்னால் விடுவார்களா? விட்டால் படலம் குறையுமா? 1970களின் இறுதியில் எர்ணாகுளம், பாவ்நகர், ஸ்ரீகாகுளம் மூன்றிலும் சேர்த்து 36,000 புகையிலைப் பழக்கக்காரர்களோடு புதிய ஆய்வு தொடங்கியது. எர்ணாகுளத்தில் 12,212 பேர். பல் மருத்துவர்களோடும் புள்ளியியலாளர் பிரகாஷ் குப்தாவோடும் இம்முறை மீரா ஆகி என்ற நடத்தை அறிவியலாளரும் உழைத்தார். நேரில் பேசினார்கள், படம் காட்டினார்கள், பத்திரிகையையும் வானொலியையும் பயன்படுத்தினார்கள். வருடா வருடம் திரும்ப வந்து அதே கேள்விகளைக் கேட்டார்கள், வாயைப் பார்த்தார்கள். ஐந்து வருட முடிவு 1986-ல் ‘லான்செட்’டில் வந்தது. எர்ணாகுளத்தில் பழக்கத்தை விட்டவர்கள் 9.4 சதவீதம், எந்தப் பிரச்சாரமும் இல்லாத முந்தைய ஆய்வில் அது 3.2 சதவீதம். புதிதாக வெண்படலம் வருவது முந்தைய ஆய்வோடு ஒப்பிட்டால் ஆண்களிடம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தது. பெண்களிடம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டாவது ஆய்வை ஒப்பிட்டுப் பார்த்தது முதல் ஆய்வோடுதான். கிட்டத்தட்டப் பத்து வருட இடைவெளி. அவ்வளவு காலம் கழித்தும் கேட்ட விதமும் பார்த்த விதமும் பதிந்த விதமும் மாறாமல் காப்பாற்றப்பட்டிருந்ததால்தான் அந்த ஒப்பீடு சாத்தியமாயிற்று. நடுவில் யாராவது கேள்வியை ‘அழகுபடுத்தியிருந்தால்’ எண்கள் இருந்திருக்கும், பொருள் இருந்திருக்காது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரு குழுவினரும் வேறு வேறு காலத்தவர்கள். அந்த இடைவெளியில் ஊரும் மாறியிருக்கும். எனவே குறைந்த அளவு முழுவதையும் பிரச்சாரத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

இந்த வேலையை இன்று அமெரிக்காவின் பெரிய புற்றுநோய் மையங்களில் நிரந்தரமாகச் செய்யத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. நடத்தை ஆய்வு, சர்வே ஆய்வு உதவிப் பிரிவு என்று சொல்லலாம். ஒரு புற்றுநோய் மருத்துவர் அங்கே போய், “என் நோயாளிகள் கீமோ முடிந்தபின் ஏன் மறுபரிசோதனைக்கு வருவதில்லை என்று தெரிய வேண்டும்” என்றால், யாரிடம் கேட்பது, எத்தனை பேரிடம், எந்தக் கேள்வி, போனிலா நேரிலா, பதிலை எப்படிக் காப்பது, எப்படிக் கணக்கிடுவது என்று முதல் நாளிலிருந்து கூட நிற்பார்கள். மருத்துவருக்கு நோய் தெரியும். இவர்களுக்குக் கேட்கத் தெரியும்.

நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது வேறு. முதுநிலை மாணவர் ஒருவரிடம் கேள்வித்தாள் தயாரிக்கச் சொல்லுவார்கள். பழைய ஆய்வுகள் நான்கிலிருந்து கேள்விகளை எடுத்து ஒட்டி, ஜெராக்ஸ் போட்டு, ஓ.பி. வரிசையில் களைத்து நிற்பவர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். மாணவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்குக் கற்றுத்தர ஆளில்லை, அதற்கென்று பட்ஜெட்டில் ஒரு வரி இல்லை. ஆனால் அந்தத் தாளிலிருந்து வரும் எண்களும் நாளை ஒரு கொள்கை முடிவுக்கு ஆதாரமாக நிற்கக்கூடும். எனக்குக் கவலை அதுதான்.

யாரிடம் கேட்பது என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். மட்டாஞ்சேரியில் புகையிலைப் பழக்கம் எவ்வளவு என்று தெரிய வேண்டும், காலை பதினோரு மணிக்கு ஜூ டவுனில் நின்று நூறு பேரிடம் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். கடைக்காரர்களும் சுற்றுலாப் பயணிகளும் கிடைப்பார்கள். விடியற்காலை கடலுக்குப் போனவர், இறால் உரிக்கப் போன பெண், மூட்டை சுமப்பவர் யாரும் அகப்படமாட்டார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருந்தால்தான் சரி. மட்டாஞ்சேரி அப்படி வெந்த பானை அல்ல. செர்லாயில் கொங்கணி, குஜராத்தி ரோட்டில் குஜராத்தி, கச்சி மேமன்களின் வீடுகள், தக்கினி உருது பேசுபவர்கள், கொஞ்சம் தள்ளி ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் என்று நடக்கும் தூரத்துக்குள் தொழிலும் பழக்கமும் மாறிக்கொண்டே போகும்.

அதனால் முதலில் வீடுகளின் பட்டியல் எடுக்கிறார்கள். அதில் குருட்டாம்போக்காக, ஆனால் கணக்கு முறைப்படி, சில வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் கதவைத் திறந்தவரையே உட்கார வைத்துக் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் பகலில் வீட்டில் இருப்பவர்களின் கதை மட்டுமே சேரும். வீட்டிலுள்ள பெரியவர்களில் யாரைக் கேட்பது என்பதையும் சீட்டுக் குலுக்குவதுபோல் தேர்ந்தெடுக்க 1949-ல் லெஸ்லி கிஷ் ஓர் அட்டவணை முறை வகுத்தார். தேர்ந்தெடுத்தவர் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. மாலையில் திரும்ப வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். சர்வேயில் பணமும் காலும் தேய்வது இங்கேதான்.

இப்படி நாடு முழுக்கச் செய்த பெரிய வேலை, உலக வயதுவந்தோர் புகையிலை சர்வே. இந்தியாவில் 2009-10-ல் ஒரு தடவை, 2016-17-ல் மறு தடவை. இரண்டாவதை நடத்தியது மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம். 74,037 பேரிடம் கேட்டார்கள். கேரளத்தில் புகையிலை பயன்படுத்துவோர் 21.4 சதவீதத்திலிருந்து 12.7 சதவீதமாகக் குறைந்திருப்பது அதில் தெரிந்தது. பொது இடத்தில் புகைப்பதற்கு எதிராக 1999-ல் தீர்ப்பு சொன்ன உயர் நீதிமன்றம் இருப்பது இதே எர்ணாகுளத்தில். 2012-ல் குட்காவுக்கும் கேரளம் தடை போட்டது. இந்த முயற்சிகள் நடந்த மண்ணில் பழக்கம் குறைகிறதா என்று பார்க்க நம் கையில் இருக்கும் கண்ணாடி, இரண்டு தடவையும் ஒரே மாதிரி கேட்ட கேள்விதான்.

அடுத்து, கேள்வி. “புகையிலை உபயோகிப்பீர்களா?” என்று மொட்டையாகக் கேட்டால், தினமும் வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போடும் பாட்டி “இல்லையப்பா” என்பார். பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது வெற்றிலை. அதனால் பீடி தனி, சிகரெட் தனி, வெற்றிலையில் புகையிலை தனி, பாக்கெட்டில் வரும் ஹான்ஸ் தனி என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். தினமுமா, எப்போதாவதா, முன்பு இருந்து விட்டதா என்று பிரிக்க வேண்டும்.

ஆஷா ஊழியர்கள் முப்பது வயது தாண்டியவர்களின் வீட்டுக்குக் கொண்டுவரும் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் 2022 முதல் ‘ஷைலி’ ஆப்பிலும் இந்த வேலை நடக்கிறது. நாடு முழுவதற்குமான அந்தத் தாளில் வயது, புகையிலை, மது, இடுப்பளவு, உடல் உழைப்பு, குடும்பத்தில் நோய் ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு. நான்குக்கு மேல் போனால் முதலில் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியவர். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண் இருக்கிறதா, வாய் திறக்கச் சிரமமா, மார்பில் கட்டியா என்றும் கேட்கும். நல்ல தாள், உயிர் காக்கும் தாள். ஆனால் புகையிலையை முன்பு விட்டவருக்கும் இப்போது எப்போதாவது எடுப்பவருக்கும் அதில் ஒரே மதிப்பெண். யாரை இன்று மருத்துவமனைக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய அது போதும். விட்டவர்களுக்கு ஆபத்து எவ்வளவு குறைந்தது என்று ஆராய அது போதாது. வேறு வேலைக்கு வேறு தாள் வேண்டும் என்று மருத்துவரிடம் முதல் நாளே சொல்லத்தான் கேட்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மட்டாஞ்சேரி மாதிரி ஊரில் மொழி வேலை வேறு. ஒருவர் மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாற்றினால், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மலையாளத்துக்கு மாற்றுவார். இரண்டையும் வைத்துப் பார்ப்பார்கள். பிறகு சில பேரிடம் கேள்வியைப் படித்துக்காட்டி, “நான் என்ன கேட்டேன் என்று நீங்கள் சொல்லுங்கள்” என்பார்கள். பாதிக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

இனி, கேட்பவர். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1950-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக லண்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபர்டு ஹில்லும் நுரையீரல் புற்று நோயாளிகளையும் மற்ற நோயாளிகளையும் மருத்துவமனைகளில் பேட்டி எடுக்க வைத்தார்கள். எடுத்தவர்கள் மருத்துவமனைச் சமூகப் பணியாளர்கள். உடனே ஒரு சந்தேகம் எழும்: எதிரே இருப்பவருக்கு நுரையீரல் புற்று என்று தெரிந்ததால், சிகரெட் பற்றி இன்னும் துருவிக் கேட்டிருப்பார்களோ? இதற்கு விடை அவர்களுடைய தாள்களிலேயே கிடைத்தது. பேட்டியின்போது நுரையீரல் புற்று என்று நினைத்து, பின்னால் அது இல்லை என்று தெரியவந்த நோயாளிகள் சிலர் இருந்தார்கள். பேட்டி எடுத்தவர்களுக்கு அவர்களும் புற்று நோயாளிகள்தான். துருவிக் கேட்டது காரணமென்றால் இவர்கள் கணக்கிலும் சிகரெட் எகிறியிருக்க வேண்டும். எகிறவில்லை, மற்ற நோயாளிகளின் அளவிலேயே இருந்தது. மறு வருடம் அதே இருவரும் பிரிட்டனின் மருத்துவர்கள் 59,600 பேருக்குத் தபாலில் கேள்வி அனுப்பினார்கள். வேண்டுமென்றே சின்னதாக வைத்தார்கள். 40,000-க்கும் மேல் பதில் வந்தது. நாற்பது பக்கக் கேள்வித்தாள் போடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நம் வீடுகளில் சங்கடம் வேறு மாதிரி. மாமியார் திண்ணையில் இருக்கும்போது மருமகளிடம் வெள்ளைப்படுதலைப் பற்றிக் கேட்க முடியுமா? மகன் பக்கத்தில் நிற்க, அப்பா எத்தனை பெக் என்று சொல்வாரா? கேட்பவர் அதே வார்டுக்காரர் என்றால் இன்னும் தயக்கம். எங்கே உட்காருவது, எப்போது பேச்சை மாற்றுவது, பதிலுக்கு முகம் சுளிக்காமல் இருப்பது எப்படி என்பதெல்லாம் பயிற்சியால் வருவது.

ஆனால் கேட்டு முடித்ததும் வேலை முடிவதில்லை என்பதைத் திருவனந்தபுரம் காட்டியது. அங்குள்ள வட்டாரப் புற்றுநோய் மையமும் மற்றவர்களும் சேர்ந்து 1996-லிருந்து 13 பஞ்சாயத்துகளில் நடத்திய ஆய்வு உலகப் புகழ் பெற்றது. பயிற்சி பெற்ற, மருத்துவம் படிக்காத பட்டதாரிகள் வீடு வீடாகப் போய், 35 வயதைக் கடந்தவர்களின் வாயை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார்கள். 2005-ல் வந்த முடிவு: புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்தது. பாராட்ட வேண்டிய சாதனை. அதே ஆய்வில் இன்னோர் எண் இருக்கிறது. “உங்கள் வாயில் சந்தேகமாக ஏதோ இருக்கிறது, மருத்துவரிடம் காட்டுங்கள்” என்று சொல்லப்பட்டவர்கள் 5,145 பேர். போய்க் காட்டியவர்கள் 3,218 பேர். மிச்சம் 1,927 பேர் போகவில்லை.

ஏன் போகவில்லை? வலிக்கவில்லையே என்ற நினைப்பா, ஒரு நாள் கூலி போகும் என்ற கணக்கா, என்ன சொல்வார்களோ என்ற பயமா, கூட வர ஆளில்லையா? இந்தக் கேள்விக்கு மருந்தும் இல்லை, ஸ்கேனும் இல்லை. நடத்தை ஆய்வு செய்பவர்தான் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-த்தில் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்று ஆய்விலும் இதே கதை. பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒருமுறை பரிசோதித்ததிலேயே சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் அறிவித்தார்கள். அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் வந்தவர்கள் 31,343 பேர். வராத பெண்களைப் பற்றி நினைக்காமல் அந்த வெற்றியை என்னால் முழுதாகக் கொண்டாட முடிவதில்லை.

கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரை மணலில் தோரியம். இயற்கையான கதிர்வீச்சு அதிகம். அங்கே புற்று அதிகமா என்று அறிய 1990களில் ஊர் முழுவதையும் வீடு வீடாகப் பதிவு செய்தார்கள். வீட்டின் கதிர்வீச்சை அளந்தால் மட்டும் போதாது; வீட்டுக்குள் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், பீடி உண்டா என்பதெல்லாம் தெரிந்தால்தான் ஒரு காரணத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்க முடியும். 69,958 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கும் மேல் தொடர்ந்து, அந்தக் கதிர்வீச்சால் புற்று கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-ல் வெளியிட்டார்கள். ஒரு கடற்கரை ஊரின் அச்சத்துக்கு இப்படித்தான் பொறுமையாக விடை தேட முடிந்தது.

நோய் வந்தவர்களிடம் கேட்கும் தாள்களும் உண்டு. அதிகம் புழங்குவது ஐரோப்பியக் குழு ஒன்று தயாரித்த முப்பது கேள்வித் தாள். போன ஒரு வாரத்தில் வலி எப்படி, தூக்கம் எப்படி, பணக் கஷ்டம் உண்டா என்று கேட்டுவிட்டு, கடைசி இரண்டு கேள்விகளில் மொத்தத்தில் உங்கள் உடல்நலம் எப்படி இருந்தது, வாழ்க்கை எப்படி இருந்தது என்று ஏழுக்கு மதிப்பெண் போடச் சொல்லும். கட்டி எவ்வளவு சுருங்கியது என்று ஸ்கேன் சொல்லும். அந்த மனிதர் அந்த வாரத்தை எப்படிக் கழித்தார் என்பதை இந்தத் தாள்தான் மருத்துவரிடம் கொண்டுபோகும்.

களமசேரியின் கொச்சி புற்றுநோய் ஆராய்ச்சி மையமோ, திருவனந்தபுரமோ, சென்னை அடையாறோ, எந்தப் புற்றுநோய் மையமும் கேட்கத் தெரிந்தவர்களை நிரந்தரப் பிரிவாக வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆய்வுக்குப் பணம் ஒதுக்குபவர்கள் கருவிக்கு ஒரு வரி எழுதுவதுபோல் இதற்கும் ஒரு வரி எழுத வேண்டும். களத்தில் நடப்பவருக்கு ஒழுங்கான சம்பளம் வேண்டும். பெண்களிடம் கேட்கப் பெண்கள் வேண்டும். ஆய்வு முடிந்ததும், கேள்வி கேட்ட தெருவுக்கே வந்து முடிவைச் சொல்ல வேண்டும். அதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். யாராவது புற்றுநோய் ஆய்வென்று கதவைத் தட்டினால், அடையாள அட்டையைக் கேளுங்கள். எந்த நிறுவனம், எதற்காக, பதிலை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கவும், நடுவில் நிறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் அதைத் தெளிவாகவே சொல்கின்றன. திருப்தியானால் உட்கார வைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வாயில் ஏதோ தெரிகிறது, போய்க் காட்டுங்கள் என்று சொன்னால், வலிக்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள். அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.